கொம்பு முன்னே, ஒலி பின்னே: தடுமாறி வாசிக்கும் பிள்ளையும் வகுப்பறைக் கணினியும்

"இவனுக்கு எல்லாம் தெரியும். கதை சொல்லுவான், கணக்குப் போடுவான், பாட்டு முழுசா பாடுவான். வாசிக்க மட்டும்தான் வரமாட்டேங்குது."

பினாங்கில் எந்தத் தமிழ்ப்பள்ளியின் பெற்றோர் சந்திப்பிலும் இப்படியொரு பேச்சு காதில் விழும். சொல்லும் தாய்க்கு வெட்கம். கேட்கும் ஆசிரியருக்குச் சங்கடம். பக்கத்தில் நிற்கும் எட்டு வயதுப் பையன் தரையைப் பார்த்துக்கொண்டிருப்பான். சோம்பேறி என்பார்கள், கவனமில்லை என்பார்கள், கைப்பேசிதான் கெடுத்துவிட்டது என்பார்கள். அந்தக் கைப்பேசியும் பள்ளியில் இருக்கும் கணினியும் இவனை வாசிக்க வைக்க உதவுமா? உதவும். ஆனால் அவன் எந்த இடத்தில் தடுக்கி விழுகிறான் என்பது ஆசிரியருக்கு முதலில் தெரிந்திருக்க வேண்டும். அது தெரியாமல் வாங்கி வைத்த கருவி, அலமாரியில் கிடப்பதற்குப் பதில் மேசையில் கிடக்கும், அவ்வளவுதான்.

மலேசியத் தமிழ்க் கல்வியின் வரலாறு பினாங்கிலிருந்துதான் தொடங்குகிறது. 1816ஆம் ஆண்டு ஜோர்ஜ்டவுனில் பினாங்கு ஃபிரி ஸ்கூல் தொடங்கப்பட்டபோது அதனுடன் ஒரு தமிழ் வகுப்பும் வந்தது. அந்த வகுப்பு நீண்ட நாள் நிலைக்கவில்லை என்றாலும், 2016இல் நாடு முழுவதும் தமிழ்க் கல்வியின் 200ஆம் ஆண்டு கொண்டாடப்பட்டது அந்த ஆண்டை வைத்துத்தான். இன்று பினாங்கு மாநிலத்தில் 28 தமிழ்ப்பள்ளிகள் உள்ளன. கட்டடம் வேண்டும், நிலம் வேண்டும், மாணவர் எண்ணிக்கை கூட வேண்டும் என்று நாம் பேசிவருகிறோம். பேச வேண்டியதுதான். அந்தக் கட்டடத்துக்குள் கடைசி வரிசையில் உட்கார்ந்திருக்கும் பிள்ளையைப் பற்றி மட்டும் குறைவாகவே பேசுகிறோம்.

ஒரு பிள்ளை, மூன்று வாசிப்பு

தமிழ்ப்பள்ளியில் முதலாம் ஆண்டில் சேரும் பிள்ளையின் சுமையைக் கொஞ்சம் எண்ணிப் பாருங்கள். அது ஒரே நேரத்தில் மூன்று மொழிகளை வாசிக்கக் கற்கிறது. தமிழுக்குத் தனி எழுத்து. மலாய்க்கும் ஆங்கிலத்துக்கும் ஒரே ரோமன் எழுத்து, ஆனால் ஒலி வேறு. ரோமன் எழுத்துகளில் மூன்றாவதாக வரும் 'சி', மலாயில் 'ச்ச' என்று ஒலிக்கும். அதே எழுத்து ஆங்கிலத்தில் ஓரிடத்தில் 'க' என்றும் வேறோரிடத்தில் 'ஸ' என்றும் ஒலிக்கும். காலையில் ஒரு பாடத்தில் சரியாக இருந்தது அடுத்த பாடத்தில் தவறாகிவிடுகிறது.

தமிழ் இதைவிட நேர்மையான எழுத்துதான். ஆனாலும் சிக்கல் இல்லாமல் இல்லை. 'கல்' என்பதில் வரும் க வேறு, 'தங்கம்' என்பதில் வரும் க வேறு, 'அகம்' என்பதில் வரும் க வேறு. வீட்டில் தமிழ் பேசி வளர்ந்த பிள்ளைக்கு இது தானாக வந்துவிடும். வீட்டில் ஆங்கிலமும் மலாயும் கலந்து பேசி, சந்தையில் ஹொக்கியன் கேட்டு வளரும் பிள்ளைக்கு வராது. வீட்டில் தமிழே பேசினாலும், 'வந்துட்டான்' என்று கேட்டு வளர்ந்த காதுக்குப் புத்தகத்தில் இருக்கும் 'வந்துவிட்டான்' புதிய சொல். எழுத்தைக் கூட்டிக் கூட்டி ஒருவழியாக முடிவுக்கு வரும்போது, இது நமக்குத் தெரிந்த சொல்தான் என்ற மகிழ்ச்சி அந்தப் பிள்ளைக்குக் கிடைப்பதில்லை.

இத்தனையையும் பெரும்பாலான பிள்ளைகள் தாண்டிவிடுகிறார்கள். தாண்ட முடியாத சிலருக்காகத்தான் பள்ளிகளில் குறைநீக்கல் வகுப்பு இருக்கிறது. 2010இல் கல்வி அமைச்சு 'லினுஸ்' என்ற திட்டத்தைக் கொண்டுவந்தது. மூன்றாம் ஆண்டு முடிவதற்குள் ஒவ்வொரு பிள்ளைக்கும் அடிப்படை எழுத்தறிவும் எண்ணறிவும் வந்துவிட வேண்டும் என்பது அதன் இலக்கு. தேசிய மொழியும் எண்ணறிவும் முதலில் சோதிக்கப்பட்டன. 2013இல் ஆங்கிலம் சேர்ந்தது. தமிழில் தடுமாறும் பிள்ளையைக் கண்டுபிடிக்கும் வேலை பெரும்பாலும் வகுப்பாசிரியரின் காதுக்கே விடப்பட்டது.

கண்ணுக்கும் காதுக்கும் நடுவே

அந்தக் காது என்ன கேட்கிறது? 'கொடி' என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். நமக்கு அது இரண்டு எழுத்து. இடமிருந்து வலமாக வாசிக்கப் பழகும் பிள்ளையின் கண்ணில் முதலில் படுவது ஒரு கொம்பு. பிறகு க. பிறகு ஒரு கால். அதற்குப் பிறகுதான் டியும் அதன் விசிறியும். ஆனால் ஒலியில் முதலில் வருவது 'க்'. கொம்பும் காலும் சேர்ந்து தரும் 'ஒ' அதற்குப் பின்னால்தான் வருகிறது. கண் பார்க்கும் வரிசை ஒன்று, வாய் சொல்ல வேண்டிய வரிசை வேறொன்று. கெ, கே, கை, கொ, கோ, கௌ என்ற ஆறு வரிசைகளிலும் இதே கதைதான்.

இதை நாம் ஒருமுறை கற்றுவிட்டு மறந்துவிட்டோம். தடுமாறும் பிள்ளை ஒவ்வொரு முறையும் இங்கே நிற்கிறது. 'கொடி'யைக் 'கெடி' என்கிறது, 'கேடி' என்கிறது. 'கௌ' வந்தால் 'கெள' என்று பிரித்துவிடுகிறது. அதிலுள்ள ள ஓர் எழுத்துபோலவே இருப்பதால் பிள்ளையைக் குறை சொல்லவும் முடியாது. அச்சில் ரவும் காலும் பல எழுத்துருக்களில் ஒன்றுபோலவே இருக்கும். அடியில் உள்ள ஒரு சின்ன வால்தான் வேறுபாடு. 'பாரம்' என்ற சொல்லைச் சிறிய எழுத்தில் அச்சிட்டுப் பாருங்கள், புரியும்.

தமிழ் எழுத்து மாறியே வந்திருக்கிறது. 1978இல் தமிழ்நாடு அரசு பெரியார் முன்வைத்த சீர்திருத்தத்தை ஏற்று 13 எழுத்துகளின் வடிவத்தை மாற்றியது. தும்பிக்கை போட்ட பழைய லை, ளை, னை போய் இன்றைய வடிவம் வந்தது. மலேசியப் பள்ளிகளும் பின்னர் அதை ஏற்றுக்கொண்டன. தாத்தா வீட்டுப் புத்தகத்தில் பழைய 'லை'யைப் பார்த்துவிட்டு "இது என்ன எழுத்து?" என்று கேட்கும் பேரப்பிள்ளைகளுக்கு அந்தச் சுமை மிச்சம். கொம்பு மட்டும் இருந்த இடத்திலேயே இருக்கிறது.

விசைப்பலகை செய்யும் உதவி

கணினி உண்மையாகவே உதவக்கூடிய இடம் இதுதான். அதற்கான கருவியை உருவாக்கியவர்களில் ஒருவர் மலேசியரே. 1980களின் நடுவிலிருந்து தமிழ்க் கணிமையில் உழைத்துவரும் முத்து நெடுமாறனின் 'முரசு அஞ்சல்' தெரியாத தமிழாசிரியர் இந்நாட்டில் குறைவு. அவருடைய அஞ்சல் விசைப்பலகையில் ஒலியின் வரிசையில்தான் தட்ட வேண்டும். ஆங்கில 'கே' விசையைத் தட்டினால் திரையில் 'க்' வரும். அடுத்து 'ஓ' விசையைத் தட்டியதும் புள்ளி மறைந்து, இடப்பக்கம் ஒரு கொம்பும் வலப்பக்கம் ஒரு காலும் முளைத்து, 'கொ' ஆகிவிடும்.

பழைய தட்டச்சு இயந்திரத்தில் இப்படி இல்லை. கொம்பை முதலில் அடித்து, பிறகு க, பிறகு கால் என்று கண் பார்க்கும் வரிசையில் அடிக்க வேண்டும். 1999இல் சென்னையில் நடந்த மாநாட்டுக்குப் பின் வந்த தமிழ்99 விசைப்பலகையிலும், இன்று எல்லாக் கைப்பேசிகளிலும் இருக்கும் யூனிகோடு முறையிலும் மெய் முன்னே, உயிர் பின்னே. பொறியாளர்கள் இதைத் தடுமாறும் பிள்ளைகளுக்காகச் செய்யவில்லை. தேடவும் அகரவரிசைப்படுத்தவும் வசதியாக இருக்கட்டும் என்றே செய்தார்கள். ஆனால் பலன் குறைநீக்கல் வகுப்புக்கும் வந்துவிட்டது.

கரும்பலகையில் ஆசிரியர் 'கொ' எழுதும்போது கொம்பைத்தான் முதலில் எழுதுகிறார். வேறு வழியில்லை. வாய் 'க்' என்று தொடங்கும்போது கை கொம்பு போட்டுக்கொண்டிருக்கும். திரையில் பிள்ளையே தட்டும்போது வாயும் விரலும் ஒன்றாகப் போகின்றன. 'க்' என்று சொல்லித் தட்டுகிறது, 'ஒ' என்று சொல்லித் தட்டுகிறது. எழுத்து தானாக உருமாறுவதை அதன் கண் பார்க்கிறது. அழித்துவிட்டு 'க்'குடன் 'எ'யைச் சேர்த்தால் கொம்பு மட்டும் வருகிறது, கால் வருவதில்லை. கொம்பும் காலும் தனித்தனி எழுத்துகள் அல்ல, ஓர் ஒலியின் இரண்டு துண்டுகள் என்பதைப் பத்து நிமிடத்தில் பிள்ளை தானே கண்டுபிடிக்கும். ஒரு பழைய மடிக்கணினி போதும். இணையம்கூட வேண்டாம்.

கணினியால் முடியாததும் உண்டு. க ஒரு நிறத்திலும் கொம்பு வேறொரு நிறத்திலும் இருந்தால் நன்றாக இருக்குமே என்று எந்த ஆசிரியருக்கும் தோன்றும். சாதாரணச் சொற்செயலிகளில் அதைச் செய்யப் போனால் எழுத்து உடைந்துவிடும், அல்லது முழு எழுத்தும் ஒரே நிறமாகிவிடும். அதற்கு மணிலா அட்டையும் கத்தரிக்கோலும்தான் இன்னும் சிறந்த தொழில்நுட்பம்.

பல்லாயிரம் கணினி வந்த கதை

வகுப்பறைக்குக் கருவி கொண்டுவருவது நமக்குப் புதிதல்ல. 2003இல் கணிதமும் அறிவியலும் ஆங்கிலத்தில் போதிக்கப்படத் தொடங்கியபோது பள்ளிகளுக்கு மடிக்கணினியும் எல்.சி.டி. புரொஜெக்டரும் வந்தன. தமிழ்ப்பள்ளிகளுக்கும் வந்தன. பிறகு 2011இல் 1பெஸ்தாரிநெட் ஒப்பந்தம் கையெழுத்தானது. நாடெங்கும் பள்ளிகளுக்கு இணையமும் மெய்நிகர் கற்றல் தளமும் தருவது அதன் நோக்கம். அந்தத் தளத்தை ஆசிரியர்களும் மாணவர்களும் மிகக் குறைவாகவே பயன்படுத்துகிறார்கள் என்று தேசியக் கணக்காய்வுத் தலைவரின் அறிக்கை சுட்டிக்காட்டியது. 2019இல் அத்திட்டம் முடிவுக்கு வந்தது. 2020இல் டெலிமா தளம் வந்தது. அதே ஆண்டு பள்ளிகள் மூடப்பட்டபோது கல்வி அமைச்சு எடுத்த கணக்கில், ஏறக்குறைய 37 விழுக்காட்டு மாணவர்களிடம் எந்தச் சாதனமும் இல்லை என்பது வெளிப்பட்டது.

இதற்கு நேர் எதிரான படமும் அதே 2020இல் கிடைத்தது. பகாங் மாநிலத்தில் பூர்வகுடிப் பிள்ளைகள் படிக்கும் ருஞ்சாங் தேசியப்பள்ளியில் ஆங்கிலம் போதித்த ஆசிரியர் சாமுவேல் ஐசாயா, உலக ஆசிரியர் விருதின் இறுதிப் பத்துப் பேரில் ஒருவராகத் தேர்வானார். அவர் கையில் இருந்தது ஓர் உக்குலேலே. பிள்ளைகளைப் பாடவைத்தார், பாடியதைப் படம் பிடித்து இணையத்தில் போட்டார், பொதுமக்களிடம் நிதி திரட்டி வகுப்பறைக்கு வேண்டியதைச் சேர்த்தார். இந்தப் பிள்ளைகளுக்குப் படிப்பு ஏறாது என்று பிறர் சொன்னதை அவர் ஏற்கவில்லை. அங்கே கருவிக்கு முன்னால் பிள்ளையைப் பற்றிய ஒரு முடிவு இருந்தது. பெரிய திட்டங்களில் பல நேரம் கருவிதான் முதலில் வருகிறது.

இருபது முறை கேட்கும் உரிமை

வாசிக்கத் தடுமாறும் பிள்ளைக்கு வேண்டியது திரும்பத் திரும்பக் கேட்பதும் சொல்வதும். வகுப்பில் நாற்பது நிமிடம். முப்பது பிள்ளைகள். ஆசிரியர் ஒரே சொல்லை ஒரு பிள்ளைக்காக இருபது முறை சொல்ல முடியாது. சொன்னாலும் ஆறாவது முறையில் பின்வரிசையில் ஒரு சிரிப்பு எழும். மூன்றாம் ஆண்டுப் பையன் முதலாம் ஆண்டுப் புத்தகத்தை வைத்துக்கொண்டு உட்காருவது அவனுக்கு எவ்வளவு பெரிய அவமானம் என்பது பெரியவர்களுக்கு எளிதில் புரிவதில்லை. அந்த அவமானத்துக்குப் பயந்துதான் பல பிள்ளைகள் பாடத்தை மனப்பாடம் செய்து, விரலைப் புத்தகத்தில் ஓட்டி, வாசிப்பதுபோல் நடிக்கிறார்கள்.

ஆசிரியர் தம் குரலில் பாடத்தின் நான்கு வரிகளைக் கைப்பேசியில் பதிந்து, ஒரு ஹெட்போனைக் கொடுத்தால் நிலைமை மாறுகிறது. பிள்ளை இருபது முறை கேட்கலாம். யாருக்கும் தெரியாது. கேட்டுக்கொண்டே விரல் வைத்துத் தொடரலாம். பிறகு தன் குரலைப் பதிந்து, ஆசிரியர் குரலோடு ஒப்பிடலாம். 'வாழைப்பழம்' என்று தான் சொன்னதாக நினைத்த பிள்ளை, பதிவில் 'வாளப்பளம்' என்று கேட்டுத் திடுக்கிடும். நாம் ஆயிரம் முறை திருத்தியும் நடக்காதது அந்த ஒரு திடுக்கிடலில் நடந்துவிடுவதுண்டு.

2017இல் கூகுள் தமிழிலும் பேச்சைக் கேட்டு எழுதும் வசதியைத் தந்தது. இதைக் குறைநீக்கல் வகுப்பில் அழகாகப் பயன்படுத்தலாம். நேற்று மாலை என்ன செய்தாய் என்று பிள்ளையைக் கேளுங்கள். "தாத்தாவோட பத்து ஃபிரிங்கி கடற்கரைக்குப் போனேன்" என்று கைப்பேசியிடம் சொல்லட்டும். சொன்னது எழுத்தாகத் திரையில் வரும். அதை அச்செடுத்து அந்தப் பிள்ளைக்கே வாசிக்கக் கொடுங்கள். சொற்கள் அதனுடையவை, கதை அதனுடையது. புத்தகத் தமிழுக்கும் வாய்த் தமிழுக்கும் நடுவிலிருக்கும் மேடு இங்கே இல்லை. கைப்பேசி சில சொற்களைத் தவறாக எழுதும். அந்தத் தவறைக் கண்டுபிடிக்கச் சொன்னால் இன்னும் நல்லது. வழக்கமாகத் தவறு செய்யும் பிள்ளைக்கு அன்று ஒரு நாள் திருத்தும் வேலை கிடைக்கிறது. பேச்சு நடையிலிருந்து எழுத்து நடைக்கு மெல்ல நகர்த்துவது அடுத்த வாரத்து வேலை.

பிள்ளை உரக்க வாசிப்பதைக் கேட்டுத் திருத்தும் 'ரீட் அலோங்' செயலியை கூகுள் 2020இல் பல நாடுகளுக்கு விரிவாக்கியபோது, அதன் ஒன்பது மொழிகளில் தமிழும் ஒன்று. இந்தியாவின் பிரதம் புக்ஸ் 2015இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் தளத்தில் வாசிப்பு நிலை வாரியாகத் தமிழ்க் கதைகள் இலவசமாகக் கிடைக்கின்றன. கதைகளை மாற்றி எழுதவும் அங்கே உரிமம் உண்டு. ஊரும் உணவும் நம் பிள்ளைக்குத் தெரியாததாக இருந்தால், கதையில் வரும் தின்பண்டத்தை நாசி லெமாக் ஆக்கிவிட ஆசிரியரை யாரும் தடுக்கப்போவதில்லை.

ஓர் எச்சரிக்கை. கிளி பறக்கும், நட்சத்திரம் சிதறும், கைதட்டல் ஒலிக்கும் 'பவர்பாயிண்ட்' பாடங்கள் ஏராளமாகச் சுற்றுகின்றன. பிள்ளை எதைப் பார்க்கிறது என்று பாருங்கள். கிளியைத்தான் பார்க்கும். எழுத்து பெரிதாக, நெருக்கமில்லாமல், அசையாமல் இருக்கும் திரையே தடுமாறும் பிள்ளைக்கு ஏற்றது.

பாட்டிலிருந்து எழுத்துக்கு

தொலைக்காட்சியையும் விட்டுவிட வேண்டாம். அகமதாபாத் இந்திய மேலாண்மைக் கழகத்தைச் சேர்ந்த பிரிஜ் கோத்தாரி, 1996இல் ஒரு யோசனையை முன்வைத்தார். திரைப்பாடல் ஓடும்போது அதே மொழியில் வரிகளைக் கீழே காட்டி, பாடப்படும் சொல்லுக்கு ஏற்ப நிறம் மாற்றினால் என்ன? 1999இல் குஜராத்தித் திரைப்பாடல்களுடன் தூர்தர்ஷனில் அது தொடங்கியது. பாட்டு ஏற்கெனவே மனப்பாடமாக இருப்பதால், அடுத்து வரும் சொல் என்ன என்பது காதுக்குத் தெரியும். கண் அதை எழுத்தோடு பொருத்திப் பார்க்கிறது.

நம் வீடுகளில் தமிழ்ப்படம் ஓடும்போது கீழே மலாய் வரி ஓடுகிறது. காது தமிழ் கேட்க, கண் மலாய் வாசிக்கிறது. பிள்ளையின் மலாய் வாசிப்பு வளர அது உதவலாம், தமிழுக்கு உதவாது. வகுப்பறையில் புரொஜெக்டர் இருந்தால் ஒரு பாட்டின் வரிகளைத் தமிழில் பெரிதாகத் தட்டி ஓடவிடலாம். ஆனால் பாட்டுக்குப் பிறகு, அதிலிருந்து ஒரு சொல்லைத் தனியே எடுத்து அட்டையில் எழுதிக் காட்ட வேண்டும். அதை வாசித்தால்தான் வாசிப்பு. பாடிக் காட்டுவது நினைவாற்றல்.

எல்லாம் செய்தும் நகராத பிள்ளைகள் சிலர் உண்டு. முதலில் கண்ணையும் காதையும் சோதித்துவிட வேண்டும். அடுத்து டிஸ்லெக்சியா என்ற வாசிப்புக் குறைபாடு இருக்கிறதா என்று தெரிந்தவர்களிடம் காட்ட வேண்டும். 2007இல் வந்த 'தாரே சமீன் பர்' இந்திப் படம் அதை வீட்டுக்கு வீடு பேசவைத்தது. படம் பார்த்து அழுதவர்கள்கூட, தங்கள் வீட்டுப் பிள்ளை என்று வரும்போது "அதெல்லாம் ஒண்ணுமில்லை, கொழுப்பு" என்று சொல்லிவிடுகிறார்கள். அறிவுக்கும் இந்தக் குறைபாட்டுக்கும் தொடர்பில்லை.

முன்னேற்றத்தை அளக்க விலையுயர்ந்த ஏற்பாடு தேவையில்லை. இந்தியாவில் 2005 முதல் நடக்கும் 'அசர்' கணக்கெடுப்பில் பிள்ளையிடம் நீட்டப்படுவது ஒரே ஒரு தாள். எழுத்துகள், எளிய சொற்கள், ஒரு சிறு பத்தி, கொஞ்சம் நீண்ட கதை. எதுவரை வாசிக்கிறதோ அதுவே அதன் நிலை. வயதையோ வகுப்பையோ பார்ப்பதில்லை. அப்படியொரு தாளைத் தமிழ்ப்பள்ளி ஆசிரியர் ஒரு மாலையில் தயாரித்துவிடலாம். மாதம் ஒருமுறை அதே மாதிரித் தாளை வாசிக்கவைத்து, ஒரு நிமிடத்தைக் கைப்பேசியில் பதிந்து, தேதியிட்டு வைத்துக்கொண்டால் போதும்.

அந்தப் பதிவுகளைப் பெற்றோருக்குப் புலனத்தில் அனுப்பும் பழக்கம் இன்னொரு கதவைத் திறக்கிறது. இன்றைய இளம் பெற்றோரில் பலர் மலாய்ப்பள்ளியில் படித்தவர்கள். தமிழ் பேசுவார்கள், வாசிக்கத் தெரியாது. பிள்ளையின் பயிற்றியைத் திறந்தால் அவர்களுக்கும் அது கண்ணைக் கட்டிவிட்டதுபோலத்தான். குரல் பதிவுக்கு அந்தத் தடை இல்லை. பள்ளியாண்டின் முதல் மாதத்தில் 'கெ… கெ… கெடி' என்று நின்ற குரலையும், ஆறாவது மாதத்தில் 'கொடி பறந்தது' என்று முடித்த குரலையும், அடுப்படியில் வேலையாக இருக்கும் பாட்டிகூட ஒன்றன்பின் ஒன்றாகக் கேட்டுவிட முடியும்.